ஆணிக்கு அந்தப் பக்கம்

2 மார்ச் 2024, சனி

நோர்வேயின் பேர்கனிலிருந்து முதல் பஸ். கொட்டகைக்குள்ளும் வெளியில் உள்ள அதே குளிர்தான், காற்று மட்டும் இல்லை. கையுறையைக் கழற்றினால் விரல் இரும்பில் ஒட்டுகிறது.

இங்கே கட்டுவது ஒரு ‘க்னார்’. வைக்கிங் என்றதும் எல்லாருக்கும் ஞாபகம் வருகிற, பாம்புத்தலை வைத்த போர்க்கப்பல் இல்லை இது. சரக்குக் கப்பல். ஐஸ்லாந்துக்கும் கிரீன்லாந்துக்கும் ஆடுமாடு, மரம், குடும்பம் குட்டி எல்லாம் ஏற்றிப் போனது இந்த வகைதான். வெட்டுக்குத்துக்குப் போனவனை உலகம் படம் எடுத்துக் கொண்டாடுகிறது, சாமான் ஏற்றினவனை யாருக்குத் தெரியும்?

அளவெல்லாம் டென்மார்க்கின் ஸ்குல்டெலெவில் எடுத்த கப்பலிலிருந்து வந்தது. 1070 அளவில், எதிரி ரொஸ்கில்ட வரை வந்துவிடாதபடி, கடற்கழியின் ஓடுபாதையில் பழைய கப்பல்களைக் கல் நிரப்பித் தாழ்த்தியிருக்கிறார்கள். 1962 இல் சுற்றிவர அணை கட்டி, தண்ணீரை இறைத்து, துண்டு துண்டாக எடுத்தார்கள். இலக்கம் 1, 2, 3, 5, 6. நாலு எங்கே என்று கேட்டேன். இரண்டும் நாலும் ஒரே நெடுங்கப்பலின் துண்டுகள் என்று பிறகுதான் தெரியவந்ததாம். இலக்கத்தை அப்படியே விட்டுவிட்டார்கள்.

எங்களுடையது 1. ஏறத்தாழ 16 மீற்றர் நீளம், 4.8 மீற்றர் அகலம், 24 தொன் சுமக்கும், ஓட்டுவதற்கு ஆறேழு பேர் போதும். மூலக் கப்பலை 1030 அளவில், இதே மேற்கு நோர்வேப் பக்கத்தில், பைன் பலகையால் கட்டியிருக்கிறார்கள்.

இன்று எனக்குக் கிடைத்த வேலை: சீவல் கூட்டுவது. மூன்று சாக்கு.

9 மார்ச், சனி

கோடரி தந்தார்கள். கொட்டகையில் மரம் அரியும் வாள் கிடையாது. அந்தக் காலத்துக் கப்பல் மரங்களில் வாள் பட்ட தடயம் இல்லை, எல்லாம் கோடரிதான். ஆப்பு வைத்துப் பிளந்தால் மரம் தன் நார் போன வழியே பிளக்கும். வாள் நாரைக் குறுக்கே அறுத்துவிடும். நார் அறாத பலகையை மெல்லிசாகச் சீவலாம், முறுக்கலாம், உடையாது. ஒரு முழுப் பைன் மரத்தில் இரண்டே இரண்டு பலகைதான் வருகிறது. மிச்சம் முழுக்கக் காலடியில் கிடக்கிறது. போன கிழமை நான் கூட்டினது அதைத்தான்.

இரவு அம்மா போன் எடுத்தா.

“காசு ஏதும் தருவினமோ தம்பி?”

“இல்லையம்மா, சும்மாதான்.”

“உன்ர அம்மப்பாவும் இப்பிடித்தான். ஊரான்ர வள்ளத்துக்கு ஓடிஓடிக் கலப்பத்துப் பாத்தார், இடுக்கெல்லாம் பஞ்சு அடைச்சார், வீட்டுக் கூரை ஒழுகிச்சுது.”

23 மார்ச், சனி

பனி. பஸ் வரவில்லை.

13 ஏப்ரல், சனி

வருடப்பிறப்பு. கோயிலுக்குப் போகாமல் இங்கே வந்தேன். கைவிசேடமாக நினைத்துக்கொள்கிறேன்: இன்று முதல்முறையாக ஆணி அடிக்க விட்டார்கள்.

ஆணி அடிப்பது தனியாள் வேலை இல்லை. கீழ்ப் பலகையின் விளிம்புக்கு மேல் அடுத்த பலகை மூன்று விரல் அகலம் ஏறி நிற்கும். இரண்டுக்கும் இடையில் தார் தோய்த்த கம்பளி நூல் போகும். எங்கள் கலப்பத்துப் பஞ்சின் வேலையைத்தான் இது செய்கிறது, ஆனால் பிறகு திணிப்பதில்லை, பலகை பொருத்தும்போதே வைத்துவிடுகிறார்கள். துளை போட்டு, வெளியிலிருந்து ஆணியை உள்ளே அடிக்கவேண்டும். உள்ளே நிற்பவர் ஆணிமுனையில் ஓட்டை போட்ட சின்னச் சதுரத் தகட்டைக் கோத்து இறுக்கி, மிச்ச முனையைக் குறட்டால் வெட்டுவார். ஒரு நெல்லளவு விட்டுத்தான் வெட்டவேண்டும். பிறகு அந்த நெல்லைச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி, தகட்டின் மேல் குடை போலக் கவிழ்க்கவேண்டும். அவ்வளவு நேரமும் வெளியில் நிற்பவர் கனத்த இரும்பை ஆணித்தலையில் அழுத்திக்கொண்டே நிற்பார். அவர் கை தளர்ந்தால் ஆணி பின்னுக்குப் போய்விடும்.

ஒருவரையொருவர் பார்க்கமுடியாது. ஒரு தட்டு: தயார். இரண்டு: முடிந்தது. எனக்கு வெளியில் நின்றவர் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர். மத்தியானம் வரை அவர் முகமே தெரியாது, தட்டுத்தான் தெரியும். 31 ஆணி அடித்தோம்.

20 ஏப்ரல், சனி

ஊரில் ஏராவை, அதாவது அடிமரத்தை வைத்து, விலா எலும்பு போன்ற வங்குகளை நிறுத்தி, அதன்மேல் பலகை அடிப்பார்கள். இங்கே தலைகீழ். ஓக் மர ஏரா, இரு முனையிலும் நிமிர்ந்து நிற்கும் அணியக்கட்டை, உடனே பலகை. தோல் முதலில், எலும்பு பிறகு. பலகை எந்தச் சரிவில் ஏறுகிறதோ அதுதான் கப்பலின் வடிவம். தப்பினால் திருத்த வங்கு கிடையாது. வங்குகள் பிறகு உள்ளே வந்து, வில்லோ மர முளைகளால் பலகையோடு சேரும்.

இந்தக் கட்டு கடலில் நெகிழும். 1893 இல் கொக்ஸ்டாட் என்ற பழைய வைக்கிங் கப்பலின் பிரதி ஒன்றை மாக்னுஸ் அண்டர்சன் இதே பேர்கனிலிருந்து நியூஃபவுண்ட்லாந்துக்கு 28 நாளில் ஓட்டி, பிறகு சிக்காகோ கண்காட்சி வரை கொண்டுபோனார். பெரிய அலையில் கப்பலின் மேல்விளிம்பு அரை அடி வரை முறுகியது, ஆனாலும் தண்ணீர் புகவில்லை என்று எழுதியிருக்கிறார். தேநீர் நேரத்தில் பெரியவர், அதாவது கப்பல் கட்டும் தலைமை ஓடாவி, இதைச் சொன்னார். நான் அன்னபூரணியைப் பற்றிச் சொன்னேன்: யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டின மரக்கப்பல், எங்கள் ஊராட்கள் ஓட்டி, 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. பெரியவர் கேட்ட ஒரே கேள்வி: “என்ன ஆணி?”

எனக்குத் தெரியவில்லை. அம்மப்பா இருந்தால் சொல்லியிருப்பார்.

18 மே, சனி

எழுத விருப்பமில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

சீவின பலகைகளை இங்கே கடல்தண்ணீரில் தாழ்த்தி வைப்பார்கள். காய்ந்தால் வளையாது. போன சனி அளவு பார்க்க ஒன்றை வெளியே எடுத்தவன் நான். திருப்பிப் போடவில்லை. நேற்று மே 17, நோர்வேயின் தேசிய நாள், ஊர் முழுக்கக் கொடியும் ஊர்வலமும். கிழமை முழுதும் நல்ல வெயில்.

இன்று அதை அணியத்தோடு சேர்க்க, கவ்விகளைப் போட்டு மெல்ல மெல்ல இறுக்கினோம். கடைசி ஒரு சாண் மிச்சம். துவக்குச் சத்தம் போல ஒரு வெடிப்பு. நான் குனிந்துவிட்டேன். மற்றவர்கள் பலகையைப் பார்த்தார்கள்.

இரண்டு கிழமைக் கோடரி வேலை. யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் பரவாயில்லை. பெரியவர் வெடிப்பில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, “இந்தப் பக்கம் சின்னத் துண்டுக்கு உதவும்” என்றார். பின்னேரம் முழுக்கப் புது மரத்தில் பட்டை உரித்தேன், தனியாக.

8 ஜூன், சனி

புதுப் பலகை ஏறிவிட்டது. ரீச்சர் உள்ளே, நான் வெளியே. இடம் மாறியதும் கை எரிகிறது. அவர் இவ்வளவு நாளும் ஒரு சொல் முறையிட்டதில்லை.

இரவு ஒன்பது மணிக்கும் நல்ல வெளிச்சம். எல்லாரும் போன பிறகு பெரியவர் சின்னச் சுத்தியலோடு வரிவரியாக ஆணிகளைத் தட்டிக்கொண்டு வந்தார். ஏப்ரலிலும் இதைப் பார்த்திருக்கிறேன், எல்லாம் ஒரே ‘டங்’தான் எனக்கு. இன்றும் பின்னால் போனேன். டங், டங், டங். அணியப் பக்கம் நாலாவது வரியில் ஒன்று ‘டக்’ என்றது. சுண்ணாம்புக்கட்டியை அவர் எடுக்கமுதல் நான் நின்றுவிட்டேன். திரும்பிப் பார்த்துவிட்டு, கட்டியை என்னிடமே தந்தார்.

இறுகாத ஆணி மொத்தம் மூன்று. மூன்றும் ஏப்ரல் 13 இல் அடித்தவை. அடுத்த சனி குறட்டோடு போய் வெட்டி எடுக்கவேண்டும். ரீச்சருக்குச் செய்தி அனுப்பிவிட்டேன், எட்டரைக்கு வருவா.