வார்டுக்கு மானியம், நாற்காலிக்கு இல்லை

ஜனவரி 12, 2025, ஞாயிறு

பத்தாம் மாடித் தங்கை இன்று கோப்பும் கையுமாக வந்தாள். மன்னார்குடிப் பெண்; எங்கள் புளோக்கில் வளர்ந்த பையனைக் கட்டிக்கொண்டு வந்தவள். கணவனும் பாலர் பள்ளிக்குப் போகும் மகனும் சிங்கப்பூர்க் குடிமக்கள். அவளிடம் இருப்பது எல்டிவிபி பிளஸ், குடிமக்களின் துணைவருக்குத் தரும் நீண்டகால வருகை அனுமதி. சென்ற ஆண்டு இறுதியில் இடது மார்பகத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து இப்போது கீமோ நடக்கிறது.

இரண்டு பில்களை மேசையில் அருகருகே வைத்தாள். அறுவை சிகிச்சை பில்லில், மொத்தத் தொகைக்குக் கீழே அரசு மானியம் என்று ஒரு வரி இருந்தது. கீமோ பில்லில் அந்த வரியே இல்லை.

“ஏன் அக்கா இப்படி? இரண்டும் ஒரே நோய்க்குத்தானே?”

அவளுடைய அனுமதிக்கு அரசாங்க மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் மானியம். வெளிநோயாளியாக வந்துபோனால் இல்லை. மார்பகப் புற்றுநோய்க்காரி மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருக்கும் நாள்கள் மிகக் குறைவு. கீமோவை நாற்காலியில் உட்கார்ந்து ஏற்றிக்கொண்டு அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிடுகிறோம். கதிர்வீச்சுக்கும் அப்படித்தான். இவளுக்கு வந்திருப்பது ஹெர்2 வகை, அந்தப் பெயருள்ள புரதம் புற்றணுக்களில் மிகுந்திருப்பது. டிராஸ்டுசுமாப் மருந்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஏறத்தாழ ஓராண்டுக்குச் செலுத்த வேண்டும். அத்தனையும் நாற்காலிக் கணக்கு.

ஜனவரி 15, புதன்

பொங்கல் பானை கழுவிக் கவிழ்த்த கையோடு 2015ஆம் ஆண்டின் மெடிஷீல்டு லைஃப் திட்டச் சட்டத்தை எடுத்து உட்கார்ந்தேன். பெரிய மருத்துவச் செலவுக்கு அரசு நடத்தும் கட்டாயக் காப்புறுதி அது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும்தான் அதன் பாதுகாப்புக்குள் வருகிறார்கள். குடிமகனின் மனைவி என்ற தகுதிக்கு அதில் இடமில்லை.

கணவனின் மெடிசேவ் பணத்தை, அதாவது மருத்துவத்துக்கென்று சம்பளத்தில் பிடிக்கும் கட்டாயச் சேமிப்பை, மனைவிக்குப் பயன்படுத்தலாம், உண்மைதான். ஆனால் புற்றுநோய் மருந்துக்கு, மருந்தைப் பொறுத்து, மாதம் 600 அல்லது 1,200 வெள்ளி வரைதான் எடுக்க முடியும். பில் கட்ட வழியில்லாதவர்களுக்கு அரசு தரும் மெடிஃபண்ட் உதவி குடிமக்களுக்கு மட்டும். தனியார் காப்புறுதியோ, நோய் வந்த பிறகு அதே நோய்க்குக் கைகொடுக்காது.

இதே சட்டம் செய்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்லியாக வேண்டும். ஏற்கெனவே கடும் நோய் இருந்த குடிமக்களையும் அது ஒதுக்கவில்லை. பத்தாண்டுகளுக்குச் சந்தாவில் 30 விழுக்காடு கூடுதலாகக் கட்டச் சொல்லிச் சேர்த்துக்கொண்டது. நானும் அப்படிச் சேர்ந்தவள்தான். அந்தக் கதவு இல்லாமல் போயிருந்தால் என் சிகிச்சைக்காக வீட்டை விற்றிருப்போம்.

ஜனவரி 20, திங்கள்

நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு. புளோக்கின் கீழ்த்தளத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், கையில் வரிசை எண் சீட்டு. தங்கையின் கணவர் வேலையிலிருந்து நேராக, சீருடையோடு வந்துவிட்டார். கடிதம் தட்டச்சு செய்த இளம் தொண்டூழியர் அக்கறையோடுதான் கேட்டார்: “அவர்களுக்கு நிரந்தரவாசத் தகுதி கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் அல்லவா, அம்மா?”

கிடைத்தால் சரிதான். விண்ணப்பித்திருக்கிறார்கள். பதில் எப்போது வரும், என்ன வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்ற வேண்டிய மருந்து அதற்காகக் காத்திருக்குமா? அவரிடம் அதைத்தான் சொன்னேன். அந்தப் பிள்ளை தட்டச்சை நிறுத்திவிட்டு, அதையும் கடிதத்தில் சேர்த்துக்கொண்டார்.

குடிமக்களின் துணைவரையும் மெடிஷீல்டு லைஃபில் சேர்க்க வேண்டும் என்றோம். உறுப்பினர் பொறுமையாகக் கேட்டார். “நோயாளிகள் மட்டும் வந்து சேர்ந்தால் மற்றவர்களின் சந்தா ஏறுமே?” என்றார். நியாயமான கேள்வி. எல்லாரும் உள்ளே இருப்பதால்தான் மெடிஷீல்டு லைஃப் நிற்கிறது. நோய் வந்தவர்கள் மட்டும் சேரும் திட்டம் எங்கேயும் நிற்காது. அதனால்தான் நாங்கள் கேட்பது, அனுமதி கைக்கு வரும் நாளிலேயே துணைவர் அனைவரையும் கட்டாயமாகச் சேர்க்க வேண்டும் என்று. இங்கே வந்து குடும்பம் நடத்துபவர்களில் பலர் இளம் பெண்கள். அவர்கள் உடல்நலத்தோடு இருக்கும் காலத்திலேயே சந்தா கட்டட்டும். இலவசமாக யாரும் கேட்கவில்லை. சுகாதார அமைச்சுக்கு எழுதுவதாகச் சொன்னார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

தேக்காவில் கூடி, எங்கள் கோரிக்கை மனுவின் முதல் வரைவை எழுதினோம். எல்லாரும் இந்த நோயைக் கடந்தவர்கள். ஒரு அக்கா முழுக்கைச் சட்டையை மடித்து, வீக்கத்துக்கு அணியும் இறுக்க உறையைக் காட்டினார். நிணநீர்க் கணுக்களை எடுத்த பக்கத்துக் கை அது; மோதிரம் ஏறாமல் கழற்றி வைத்துவிட்டாராம்.

அமெரிக்காவில் 1998இல் வந்த ஒரு சட்டத்தை எடுத்துச் சொன்னேன். மார்பக நீக்கத்துக்குப் பணம் தரும் காப்புறுதித் திட்டங்கள், மார்பக மறுசீரமைப்பு, இரு பக்கமும் ஒத்திருப்பதற்கான அறுவை சிகிச்சை, செயற்கை மார்பகம், கை வீக்கச் சிகிச்சை ஆகியவற்றுக்கும் தர வேண்டும் என்று அது பெயர் சொல்லி எழுதியது. அவர்களுடைய காப்புறுதி முறை வேறு, நம்முடையது வேறு. இருந்தாலும் சிகிச்சையைப் பெயர் சொல்லி எழுதும் அந்த முறை எங்களுக்குப் பிடித்தது. எங்கள் மனுவிலும் “தேவையான சிகிச்சை” என்ற வழவழா வார்த்தையை அடித்துவிட்டு, கீமோ, கதிர்வீச்சு, இலக்குநோக்கு மருந்து, பின்தொடர் பரிசோதனை என்று ஒவ்வொன்றாக எழுதினோம்.

பிப்ரவரி 13, வியாழன்

தங்கையோடு கீமோவுக்குப் போனேன். விரல் மரத்துப்போகாமலிருக்க இரண்டு கைகளுக்கும் பனி உறை மாட்டினார்கள். கைப்பேசியைத் தொட முடியாது. மன்னார்குடியிலிருந்து அம்மா அழைத்தபோது நான்தான் காதருகே பிடித்தேன். “சாப்பிட்டேன் அம்மா, நன்றாக இருக்கிறேன்” என்றாள். செலவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த தவணையைத் தள்ளிப்போடலாமா என்று பிறகு என்னிடம் கேட்டாள். கூடவே கூடாது என்றேன். கோபமாகவே சொன்னேன், அவள்மேல் அல்ல.

பிப்ரவரி 23, ஞாயிறு

மனு தயார். ஓர் உறுப்பினர் முன்மொழிந்தால்தான் நாடாளுமன்றத்தில் மனுவைச் சமர்ப்பிக்க முடியும். எங்கள் தொகுதி உறுப்பினர் படித்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். வரவுசெலவுத் திட்டம் வந்துவிட்டது. அடுத்து அமைச்சுகளின் செலவுகளைப் பற்றிய விவாதம். அதில் சுகாதாரத்தின் முறை வரும்போது யாராவது எழுந்து இதைக் கேட்க வேண்டும். தமிழிலேயே கேட்கலாம், அந்த அவையில் தமிழுக்கு இடம் இருக்கிறது.

சிங்கப்பூரில் 13 பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வருகிறது. அந்த ஒருவர் எந்த அட்டை வைத்திருக்கிறார் என்று நோய் பார்ப்பதில்லை. மனைவிக்கு இந்த அனுமதி உள்ள கணவன்மார்களே, உங்கள் தொகுதியின் மக்கள் சந்திப்புக்குப் போங்கள். வார்டு பில்லையும் வெளிநோயாளி பில்லையும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள், பெயரை மறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை. எங்கள் மனுவோடு இணைக்க இன்னும் பில்கள் தேவைப்படுகின்றன.