ரத்தம் என்னுடையது, ஆன்டிபாடி என்னுடையதல்ல

"ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ். இப்போதைக்குப் பட்டியலில் சேர்க்க முடியாது" என்று நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சைப் பிரிவின் மேசையில் இருந்தவர் தாளை என் பக்கம் தள்ளினார். வீடு போய்ச் சேரும்வரை ஆக்சிஜன் சிலிண்டர் தாங்குமா என்ற கவலையில் இருந்த எனக்கு வாதாட மூச்சு இல்லை.

கிருமிகளை எதிர்க்கும் புரதமான ஆன்டிபாடியை என் உடல் போதிய அளவு தயாரிக்காது. வருடக்கணக்கான தொற்றுகளில் மூச்சுக்குழாய்கள் விரிந்து, சளி தேங்கி, நுரையீரல் இரண்டும் வீணாகிவிட்டன. நான்கு வாரத்துக்கு ஒருமுறை இம்யூனோகுளோபுலின், அதாவது பிறரின் ஆன்டிபாடிகளை, டிரிப்பாக ஏற்றிக்கொள்கிறேன். ஆயிரக்கணக்கானவர்களின் ரத்த பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுப்பது அது; அவர்களில் யாருக்கோ என்றோ வந்துபோன நோயின் ஆன்டிபாடியும் கூடவே வரும். அப்படி ஏற்றிய மூன்றாம் நாள் எனக்கு ரத்தம் எடுத்து, ஹெபடைடிஸ் பி ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்த்தார்கள். சொல்லிப் பார்த்தேன். "அதை எழுதப் படிவத்தில் இடமில்லை" என்றார்கள்.

ஏழு வாரம் போனது. பிறகு நோய் எதிர்ப்பியல் மருத்துவர் கடிதம் எழுதி, வைரஸையே நேரடியாகத் தேடும் பிசிஆர் பரிசோதனைக்கு அனுப்பினார். நெகட்டிவ்!

மாற்று உறுப்பு பெற்றவர்களைக் கடுமையாகத் தாக்கக்கூடிய சைட்டோமெகலோ வைரஸ் விவகாரம் இன்னும் சிக்கல். அதன் ஆன்டிபாடி பரிசோதனையிலும் பாசிட்டிவ். எனக்கு அது ஏற்கெனவே வந்துபோனது என்று அதை நம்பியிருந்தால், கொடையாளரின் நுரையீரலோடு வைரஸ் புதிதாக வந்து சேரும் ஆபத்தைக் குறைத்து எடைபோட்டிருப்பார்கள். டிரிப் தொடங்கும் முன் எடுத்த பழைய அறிக்கையில் நெகட்டிவ். ஆன்டிபாடி தயாரிக்காத உடலில் அதையும் நம்ப முடியாது. பாதுகாப்பு இல்லை என்றே வைத்துக்கொண்டு தடுப்பு மருந்தை நீட்டித்தார்கள்.

டிரிப்புக்கு முந்தைய நாள் ரத்தம் கொடுத்தால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஏற்றிய ஆன்டிபாடி (ஐஜிஜி) பாதியாகக் குறையவே ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். இனிமேல்தான் டிரிப் தொடங்கப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன்பே இந்தப் பரிசோதனைகளை முடித்து அறிக்கைகளைப் பத்திரப்படுத்துங்கள்.

ஸ்கேன், இதயப் பரிசோதனை, ஆறு நிமிட நடை, பல் மருத்துவர் எல்லாம் சிரமமின்றி முடிந்தன. எத்தனை நாள் வாழ்வேன் என்று கேட்டேன். மாற்று சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் ஆறு ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள், உங்களைப் போன்றவர்கள் மிகச் சிலரே என்பதால் உங்களுக்கென்று தனிக் கணக்குச் சொல்ல மாட்டேன் என்றார் மருத்துவர். மழுப்பாத அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. சீழ் பிடித்த நுரையீரல் ஒன்றை உள்ளே விட்டால் புதியதையும் கெடுக்கும் என்பதால் இரண்டையும் மாற்றினார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் அடுத்த கூத்து. என் டிரிப் நாள் வந்தும் மருந்துச் சீட்டில் அது இல்லை. அறுவைப் பிரிவு எதிர்ப்பியல் பிரிவைக் கைகாட்டியது, அவர்கள் இவர்களை. நாள்காட்டியில் வட்டமிட்டு வைத்திருந்த என் மனைவி இரு தரப்பையும் ஒரே தொலைபேசி அழைப்பில் பேசவைத்தாள். அன்று மாலையே ஏற்றினார்கள்.

போன மாதப் பரிசோதனைப் படிவத்திலும் டிரிப் பற்றி எழுத இடம் இல்லை. ஓரத்தில் சிவப்பு மையால் நானே டிரிப் தேதியை எழுதிக் கொடுத்தேன்.