‘சும்மாதான் இருக்கேன்’

பாலக்கோட்டில் தாலுகா ஆபீஸுக்குப் போகிற வழியில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பெயருக்குத்தான் ஜெராக்ஸ் கடை, பிழைப்பு நடப்பது ஆன்லைன் வேலையில். வருமானச் சான்று, பட்டா நகல், பி.எஃப். பணம், கரண்ட் பில், மே மாதம் வந்துவிட்டால் கல்லூரி விண்ணப்பம். இவற்றுக்கு நடுவே வருடம் முழுக்க ஓயாமல் வருவது எம்ப்ளாய்மெண்ட், அதாவது வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு. புதுப் பதிவு, ரெனிவல், படித்த படிப்பைக் கூடுதலாகச் சேர்ப்பது, அப்புறம் வேலையில்லாதவர்களுக்கான உதவித்தொகை ஃபார்ம்.

ஃபார்ம் நிரப்பும்போது எல்லோரிடமும் ஒன்று கேட்பேன். “இப்ப என்ன செய்யறீங்க?”

“சும்மாதான்க்கா இருக்கேன்.”

ஆணோ பெண்ணோ, இதுதான் பதில். போன பங்குனியில் வந்த பெண்ணும் இதையேதான் சொன்னாள். பத்தாவது பாஸ், வயது முப்பதுக்குள். கையெழுத்துப் போடப் பேனாவைக் கொடுத்தேன். நகக்கண் எல்லாம் கறுத்து, விரல் நுனி வெடித்திருந்தது. பார்த்தாலே தெரியும், புளி. எங்கள் பக்கம் மாசி பங்குனியில் வீட்டுத் திண்ணைகளில் புளி குவிந்து கிடக்கும். ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்துக் கொடுத்தால் கிலோ கணக்கில் கூலி.

“புளி தட்டறீங்களா?”

“ஆமாக்கா. அதெல்லாம் ஒரு வேலையா?”

அவள் பொய் சொல்லவில்லை. எங்கள் ஊர்த் தமிழில் வேலை என்றால் அரசாங்க வேலை. மற்றதெல்லாம் ‘போறது’. கம்பெனிக்குப் போறது, கட்டடத்துக்குப் போறது, தக்காளி மண்டிக்குப் போறது. ஓசூர் சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, தூங்காத கண்ணோடு ரெனிவலுக்கு நிற்கிற பையன்கூட “இன்னும் வேலை கெடைக்கலக்கா, கம்பெனிக்குப் போயிட்டிருக்கேன்” என்றுதான் சொல்வான். அந்த வாக்கியத்தில் அவனுக்கு ஒரு முரணும் தெரியாது. எனக்கும் ரொம்ப நாள் தெரியவில்லை.

ஆனால் உதவித்தொகை ஃபார்ம் எங்கள் ஊர்த் தமிழில் எழுதப்பட்டதில்லை. சம்பளம் வாங்குகிற எந்த வேலையிலும் இருக்கக் கூடாது, சுயதொழிலும் செய்யக் கூடாது என்று அது கேட்கிறது. பதிவு செய்து ஐந்து வருடம் காத்திருந்திருக்க வேண்டும். வயது 40க்குள், பட்டியலினத்தவர், பழங்குடியினர் என்றால் 45 வரை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, அதாவது மாதம் 6,000. வீட்டில் ஒரே ஒருவர் ஓசூர் கம்பெனி பஸ்ஸில் ஏறினாலே அந்தக் கணக்கு தாண்டிவிடும். இத்தனையும் சரியாக அமைந்தால் பத்தாவது தேறியவருக்கு மாதம் 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600. பத்தாவதில் தவறியவருக்கு 200. மாற்றுத்திறனாளிகளுக்குத் தொகை கூடுதல், காத்திருப்பும் ஒரு வருடம்தான். மற்றவர்களுக்கு மூன்று வருடம் கிடைக்கும், காலாண்டுக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் ஏறும். இன்ஜினீயரிங், மருத்துவம், விவசாயம், சட்டம் படித்தவர்களுக்குக் கிடையாது. தொழிற்படிப்பு படித்தவன் எப்படியாவது பிழைத்துக்கொள்வான் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு மளிகைக் கடையில் பில் போடுகிற பையனை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள்.

புளிக்காரப் பெண்ணுக்கு மூன்று மாதத்துக்கு 900 ரூபாய் வரும். அந்தக் காகிதத்துக்காக அவள் அலைய வேண்டிய அலைச்சலைக் கூலியாகக் கணக்குப் போட்டால் முதல் காலாண்டுப் பணம் அதிலேயே கரைந்துவிடும். வருவாய்த் துறைக் கையெழுத்துக்கு ஒரு நாள், டி.சி. நகலுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள், பேங்க் பாஸ்புக்கில் இனிஷியல் மாறி இருந்ததற்கு இரண்டு நாள், கடைசியில் தருமபுரி போய் எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸில் நேரில் கொடுக்க ஒரு நாள். என் கடையிலும் 50 ரூபாய். பதிவு செய்ய அரசாங்கம் ஒரு பைசா வாங்குவதில்லை, நான்தான் வாங்குகிறேன். இதைச் சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்காது.

என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு பணம் இருப்பதே தெரியாது. அவர்கள் வருவது சீனியாரிட்டிக்காக, அதாவது பதிவு மூப்புக்காக. இன்டர்வியூ கார்டு வீட்டுக்கு வரும், வேலை கிடைக்கும் என்பது அப்பா காலத்து நம்பிக்கை. அதில் தப்பு சொல்ல முடியாது, வாத்தியார் வேலை முதல் கண்டக்டர் வேலை வரை அப்படிக் கார்டு வந்து போனவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அப்புறம் காலம் மாறிவிட்டது. எம்ப்ளாய்மெண்ட் பட்டியலை மட்டும் பார்த்து ஆள் எடுத்தால் போதாது, பத்திரிகையிலும் விளம்பரம் கொடுத்து எல்லோருக்கும் வாய்ப்புத் தர வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2012இல் ஆசிரியர் தகுதித் தேர்வு வந்தது. அதற்கும் முன்பே, 1959ஆம் ஆண்டுச் சட்டம் காலியிடத்தை அலுவலகத்துக்குத் தெரிவிக்கத்தான் சொன்னதே ஒழிய, அங்கிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற அலுவலர் ஒருவர் கடையில் ஜெராக்ஸ் எடுக்க வந்தபோது இதைச் சொன்னார். சொல்லிவிட்டு, தன் பேரனுக்குப் பதிவு போட்டுக்கொண்டு போனார்.

வருத்தமாக இருப்பது ரெனிவலை விட்டவர்களைப் பார்க்கும்போதுதான். மூன்று வருடத்துக்கு ஒருமுறை, குறித்த மாதத்தில் புதுப்பிக்க வேண்டும். பெங்களூரில் கட்டட வேலை செய்கிறவனுக்கு அந்த மாதம் எங்கே ஞாபகம் இருக்கும்? பென்னாகரம் பக்கத்து அண்ணன் ஒருவர் 2011இல் பிளஸ் டூ பதிவு செய்தவர், பத்து வருடம் கழித்து வந்தார். பார்த்தால் பதிவு காலாவதி. புதிதாகப் பதியலாம், ஆனால் ஐந்து வருடக் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும். விட்டவர்களுக்காக அரசு அவ்வப்போது சிறப்புச் சலுகை அறிவிக்கும், அதற்கும் கெடு உண்டு, அந்தச் செய்தி வரும்போதும் இவர் பெங்களூரில்தான் இருந்திருப்பார். “பத்து வருசமா வேலை இல்லாமத்தான இருந்தேன், அது கணக்குல வராதா?” என்றார். பத்து வருடமும் சாரத்தில் நின்று பூச்சு வேலை பார்த்த மனிதர் அவர்.

கம்பெனிப் பணம் கேட்டு வருகிறவர்கள் தனி ரகம். ஊரில் உதவித்தொகைக்கும் இதற்கும் ‘வேலையில்லாப் பணம்’ என்றே பெயர். இது வேலை போனவர்களுக்குத் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் வருவது, அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. 2018 ஜூலையில் தொடங்கிய திட்டம். முதலில் சம்பளத்தில் கால் பங்கு கொடுத்தார்கள், கொரோனா வந்தபின் 2020 மார்ச் 24 முதல் பாதி ஆக்கினார்கள். அதிகபட்சம் 90 நாள், வாழ்நாளில் ஒருமுறை. 2021இல் ஒருவர் வந்தார். ஓசூரில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட்டில் இருந்தவர், மாதம் 14,000. மாதாமாதம் 105 ரூபாய் இ.எஸ்.ஐ.க்குப் பிடித்த ரசீதுகளை ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். பாதி என்றால் மூன்று மாதத்துக்கு 21,000 வரும் என்று மனக்கணக்கும் போட்டிருந்தார்.

போர்ட்டலில் போட்டால் அவர் பெயரில் இரண்டு இ.எஸ்.ஐ. நம்பர். நடுவில் கான்ட்ராக்டர் மாறியிருக்கிறார், புதியவர் பழைய நம்பரைக் கேட்காமலே புதிதாக ஒன்று போட்டுவிட்டார். காப்பீட்டில் இரண்டு வருடமாவது இருந்திருக்க வேண்டும், புது நம்பருக்கு வயது பதினொரு மாதம். அதே கேட், அதே மெஷின், அதே யூனிஃபார்ம், ஆனால் காகிதத்தில் இரண்டு ஆள். இரண்டையும் ஒன்றாக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். ஓசூருக்கு நாலு தடவை போய்வந்தார். அதற்குள் வேறொரு கான்ட்ராக்டரிடம் இடம் கிடைத்துவிட்டது, பணம் கேட்பதை விட்டுவிட்டார். மூன்றாவது நம்பர் போட்டிருப்பார்களோ என்னவோ.

இவ்வளவு எழுதிவிட்டு என் கதையை மறைக்கக் கூடாது.

நான் 2005இல் பி.ஏ. முடித்துப் பதிவு செய்தேன். 2010இல் ஐந்து வருடம் நிறைந்தது. அப்போது பட்டதாரிக்கு மாதம் 300 ரூபாய். அப்பாதான் “எழுதிப் போடு பாப்பா, அரசாங்கம் குடுக்குது” என்றார். நான் அந்தச் சமயம் வேறொருவரின் ஜெராக்ஸ் கடையில் இருந்தேன். காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு எட்டு மணி ஆகும் வர. மாதம் 1,500 ரூபாய். ஃபார்மில் அந்த வரியைப் படித்தேன், எந்த ஊதியமும் பெறும் பணியில் இல்லை என்று. படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கவெல்லாம் இல்லை. கேட்டிருந்தால் நானும் ‘சும்மாதான் இருக்கேன், கடைக்குப் போறேன்’ என்றுதான் சொல்லியிருப்பேன்.

நாலு காலாண்டு வாங்கினேன், மொத்தம் 3,600. முதல் 900இல் அம்மாவுக்கு ஒரு புடவையும் தம்பிக்கு ஷூவும் எடுத்தது ஞாபகம் இருக்கிறது. தொடர்ந்து வாங்க வேண்டுமானால் வருடத்துக்கு ஒருமுறை ‘இப்போதும் வேலையில் இல்லை’ என்று சுய உறுதிமொழி எழுதித் தருமபுரியில் கொடுக்க வேண்டும். அடுத்த வருடம் எனக்குப் பணம் நின்றுபோனது. மனசாட்சி ஒன்றும் குறுக்கே வரவில்லை. அந்த வாரம் பள்ளிக்கூட அட்மிஷன் கூட்டம். வேலை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வர, வேலை பார்த்த இடத்தில் எனக்கு லீவு கிடைக்கவில்லை.

இதை வெகுநாள் கழித்து, சொந்தமாகக் கடை போட்ட பிறகுதான் ஒருநாள் திடீரென்று யோசித்தேன். தனியாக உட்கார்ந்து சிரித்தேன், கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. அதனால்தான் இப்போது அந்த வரி வந்தால் வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறேன். “இப்படி எழுதியிருக்கு, படிச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வேன். போடு, போடாதே என்று சொல்ல நான் யார்? புளிக்காரப் பெண் இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். “இது ஊதியம்னா மாசச் சம்பளமாக்கா?” என்று கேட்டாள். ஆபீஸில் கேட்டுக்கொள்ளச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஃபார்மைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, யோசித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனாள். நகல் எடுத்த காசு 12 ரூபாயைச் சில்லறையாகக் கொடுத்தாள்.

எனக்கு 40 தாண்டிவிட்டது, உதவித்தொகைக்கு வயது இல்லை. பதிவு மட்டும் உயிரோடு இருக்கிறது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை, கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு என் நம்பரைப் போடுவேன். அதிலேயே பதிந்த வருடம் இருக்கும், பெண் என்பதற்கு எஃப் என்று ஓர் எழுத்து இருக்கும். போன தடவை வீட்டுக்காரர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னுமா?” என்றார்.

“இருக்கட்டுமே” என்று சொல்லிப் பிரிண்ட் கொடுத்தேன்.