எதற்கெடுத்தாலும் 'டா'

சீனாவில் சியானிலிருந்து செங்டுவுக்கு அதிவேக ரயில். 2017 இறுதியில் திறந்த பாதை. சின்லிங் மலைகளுக்குள் சுரங்கம் சுரங்கமாகப் புகுந்து போவதால் ஜன்னலை நம்பிப் பயனில்லை. வேடிக்கை எல்லாம் வெந்நீர்க் குழாய்ப் பக்கம்தான். தேநீர்க் குடுவையும் கப் நூடுல்ஸுமாக ஆட்கள் போய்க்கொண்டே இருப்பார்கள். இதற்குச் சீன மொழியில் 'டா ஷுவெய்' என்று பெயர். ஷுவெய் என்றால் தண்ணீர், டா என்றால் அடி. கைபம்பில் தண்ணீர் அடித்தவர்களுக்கு இது புதிதா என்ன? போன் அடிப்பது, டைப் அடிப்பதுகூட அங்கே 'டா'தான்.

அதற்கு மேல் நம் 'அடி' துணைக்கு வராது. குடை பிடிப்பது, ஸ்வெட்டர் பின்னுவது, கூலி வேலைக்குப் போவது, ஏன், தும்முவதுகூட டா. உணவகத்தில் மிச்சத்தைக் கட்டித் தரச் சொல்ல 'டா பாவ்' போதும். கூச்சமே வேண்டாம், எல்லோரும் கேட்கிறார்கள்.

கடைப் பலகையில் டாவுக்குப் பக்கத்தில் 8 என்று இருந்தால் மட்டும் நிதானியுங்கள். விலையில் பத்தில் எட்டுப் பங்கு கட்ட வேண்டும், அதாவது தள்ளுபடி 20 சதவீதம். எண் குறையக் குறைய நமக்கு லாபம்.

செங்டு மக்கள் பூங்காவில் 1923 முதல் நடக்கும் ஹெமிங் தேநீர்க்கடையில் மூங்கில் நாற்காலி போட்டு மதியம் முழுக்க உட்காரலாம். மாஜ்யாங் என்கிற ஓடு ஆட்டம் ஆடுவதும் டா என்பதால் இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு ஓய்வே கிடையாது. எனக்குப் பிடித்தது 'டா ஜ்யாங்யோ'. பாட்டிலை எடுத்துப்போய்ச் சில்லறையாகச் சோயா சாஸ் வாங்கி வருவது. 2008இல் குவாங்சோ தொலைக்காட்சி ஒரு பிரபலத்தின் விவகாரம் பற்றித் தெருவில் கருத்துக் கேட்க, ஒருவர் 'எனக்கென்ன, சோயா சாஸ் வாங்க வந்தேன்' என்கிற மாதிரி பதில் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து 'நமக்கு எதற்கு வம்பு' என்பதற்கு இணையத்தில் அதுதான் பேச்சு.

இந்தச் சொல்லை இப்படி இஷ்டத்துக்கு இழுக்கிறார்களே என்று 11ஆம் நூற்றாண்டிலேயே அறிஞர் ஓயாங் ஷியு புலம்பி எழுதியிருக்கிறார். தண்ணீர், குடை இரண்டும் அவர் பட்டியலிலேயே உண்டு. 'டா ச்ச'வும் உண்டு. ஆனால் அப்போது அதற்கு வண்டி செய்வது என்று பொருள். இப்போது டாக்சி பிடிப்பது. 2012இல் வந்த திதி என்கிற டாக்சி செயலியின் பழைய பெயரே 'திதி டா ச்ச'தான். போகிறவர்கள் அலிப்பே என்கிற பணம் செலுத்தும் செயலியில் நம் அட்டையை இணைத்துக்கொள்ளுங்கள். திதி அதற்குள்ளேயே இருக்கிறது.