முடிவு அட்டவணை: மதிப்பெண்ணுக்கு முன்னால் எடை

முடிவு அட்டவணை என்றால், ஒவ்வொரு அம்சமும் எவ்வளவு முக்கியம் என்று ஓர் எடை கொடுத்து, ஒவ்வொரு சப்ளையரின் மதிப்பெண்ணையும் அந்த எடையால் பெருக்கிக் கூட்டி ஒப்பிடுவது. மூன்று சப்ளையர்களின் விலைப்புள்ளிகளையும் படித்து முடித்த பிறகு எக்செல்லைத் திறந்து, எந்த அம்சத்துக்கு எவ்வளவு எடை கொடுக்கலாம் என்று யோசிக்கும் மேனேஜர், மனதுக்குள் ஏற்கெனவே எடுத்துவிட்ட முடிவுக்குச் சாட்சி தேடிக்கொண்டிருக்கிறார். பிடித்த சப்ளையர் எதில் வலுவாக இருக்கிறாரோ, அந்த அம்சத்தின் எடை கை அறியாமலே கூடிவிடும். அதனால் முதல் விதி: விலைப்புள்ளிகளைப் பிரிப்பதற்கு முன்பே எடைகளை எழுதி, தேதி போட்டு, குழுவில் எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்.

எடை பார்த்து முடிவெடுக்கும் முறை ஒன்றும் புதிதல்ல. அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் 1772-இல் விஞ்ஞானி ஜோசப் பிரீஸ்ட்லிக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்லியிருக்கிறார். தாளின் நடுவே ஒரு கோடு. ஒரு பக்கம் சாதகம், மறு பக்கம் பாதகம். மூன்று நான்கு நாட்களுக்குத் தோன்றுவதை எல்லாம் எழுத வேண்டும். பிறகு இரு பக்கமும் சம எடையுள்ளவற்றை அடித்துக்கொண்டே போக வேண்டும். இந்தக் கடைசிப் படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஏழு சாதகம், நான்கு பாதகம் என்று எண்ணிப் பார்த்து முடிவெடுத்தால், அந்த நான்கில் ஒன்றே தொழிலை முடக்கக்கூடியது என்பது எண்ணிக்கையில் தெரியாது.

அம்சங்கள் நான்கிலிருந்து ஆறு வரை போதும். பன்னிரண்டு அம்சங்கள் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் சராசரியாக எட்டு சதவீதம்தான் வரும். எந்த அம்சமும் முடிவை அசைக்காது, எல்லா சப்ளையரும் நடுவில் வந்து குவிவார்கள். இரட்டை எண்ணிக்கையையும் கவனியுங்கள். 'தரம்' ஒரு வரி, 'திருப்பி அனுப்பப்படும் சரக்கின் அளவு' இன்னொரு வரி என்று போட்டால், ஒரே விஷயத்துக்கு இரண்டு முறை ஓட்டுப் போட்டதாகிவிடும்.

எடை கொடுப்பதில்தான் அனுபவசாலிகளும் தவறுகிறார்கள். "செலவு எங்களுக்கு மிக முக்கியம், அதற்கு 40" என்பார்கள். வந்திருக்கும் மூன்று விலைகளுக்கும் இடையே வித்தியாசமே இரண்டு சதவீதம்தான் என்றால், அந்த 40 எடை இரண்டு சதவீத வித்தியாசத்தை மலையாக்கிவிடும். எனவே 'செலவு எவ்வளவு முக்கியம்?' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். 'இந்த அம்சத்தில் மிக மோசமான நிலையிலிருந்து மிகச் சிறந்த நிலைக்குப் போவது நமக்கு எவ்வளவு பெறும்?' என்று கேளுங்கள். அதற்கு யார் எவ்வளவு கேட்டார்கள் என்று தெரிய வேண்டியதில்லை. சந்தையில் எதிர்பார்க்கக்கூடிய குறைந்தபட்சம், அதிகபட்சம் தெரிந்தால் போதும். அந்த எல்லைகளையே 1 என்றால் என்ன, 5 என்றால் என்ன என்று எழுதியும் வைத்துவிடலாம்.

மதிப்பெண் போடும்போது ஒரு சப்ளையரை எடுத்து எல்லா அம்சங்களுக்கும் வரிசையாகப் போடாதீர்கள். ஒரு அம்சத்தை எடுத்து, எல்லா சப்ளையர்களுக்கும் அதில் போட்டு முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஒருவரிடம் ஒரு நல்ல குணத்தைக் கண்டால் மற்றவற்றிலும் கை தாராளமாகிவிடுகிறது. உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போட்ட பிறகே ஒன்றுசேர்க்க வேண்டும். இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் வேறுபடும் இடங்களை மட்டும் பேசுங்கள், மேலதிகாரி கடைசியில் பேசட்டும். அவர் முதலில் வாயைத் திறந்தால், மற்றவர்களின் மதிப்பெண்கள் அவருடையதை நோக்கி நகரும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். எடைகள்: செலவு 30, சேவை வேகம் 25, தரம் 25, புதிய சப்ளையருக்கு மாறுவதன் எளிமை 20. மதிப்பெண் 1 முதல் 5 வரை, அதே வரிசையில்:

அ: 5, 2, 3, 4. மொத்தம் 355.
ஆ: 3, 4, 4, 3. மொத்தம் 350.
இ: 2, 5, 4, 2. மொத்தம் 325.

பெரும்பாலான கூட்டங்கள் இங்கே 'அ ஜெயித்தார்' என்று கலைந்துவிடும். கலையக் கூடாது. செலவிலிருந்து ஐந்தை எடுத்து சேவைக்குக் கொடுங்கள். இப்போது அ 340, ஆ 355, இ 340. ஐந்து புள்ளி நகர்ந்ததும் முதலிடமே மாறிவிட்டது. ஐந்து புள்ளித் துல்லியத்தில் எடை கொடுக்க எவராலும் முடியாது. ஆகவே இந்த அட்டவணை சொல்வது, 'அ-வும் ஆ-வும் சமம். சேவை வேகத்தைப் பற்றி இன்னும் விசாரியுங்கள்' என்பதே. எடைகளை அசைத்துப் பார்க்கும் இந்தப் பத்து நிமிடம்தான் முறையின் உயிர். முதல் மொத்தத்தோடு நிறுத்துவதாக இருந்தால் அட்டவணையே தேவையில்லை.

தாண்டியே ஆகவேண்டிய தகுதிகளை அட்டவணைக்குள் கொண்டுவராதீர்கள். சேவை வேகம் 3-க்குக் கீழே இருந்தால் உற்பத்தி நிற்கும் என்றால், அ-வை மதிப்பெண் போடும் முன்பே நீக்கியிருக்க வேண்டும். மலிவு விலை அந்தக் குறையை ஈடுகட்டிவிட்டதாக மொத்தத்தில் தோன்றும், நடைமுறையில் ஈடுகட்டாது.

எதிர்காலம் நிச்சயமில்லாத கேள்விகளுக்கு எடை அட்டவணை உதவாது. இயந்திரம் வாங்கலாமா, வேலையை வெளியே கொடுக்கலாமா போன்றவற்றுக்கு முடிவு மரம் வேண்டும்: ஒவ்வொரு வழியிலும் என்னென்ன நடக்கலாம், அதற்கு வாய்ப்பு எவ்வளவு, லாபம் எவ்வளவு என்று கிளை கிளையாக எழுதுவது. இயந்திரத்துக்கு 40 செலவு என்று வைத்துக்கொள்வோம் (லட்சமோ கோடியோ, அலகு எதுவானாலும் சரி). தேவை உயர்ந்தால் 110 வரும், குறைந்தால் 30. அதாவது நிகரமாக 70 லாபம் அல்லது 10 நஷ்டம். வெளியே கொடுத்தால் நிகர லாபம் 45 அல்லது 20. தேவை உயரும் வாய்ப்பு 60 சதவீதம் என்று வைத்தால் இயந்திரத்தின் எதிர்பார்ப்பு மதிப்பு, அதாவது ஒவ்வொரு விளைவையும் அதன் வாய்ப்பால் பெருக்கிக் கூட்டிய தொகை, 38; வெளியே கொடுப்பதற்கு 35. இந்த மூன்று புள்ளி வித்தியாசத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். இரண்டும் சமமாகும் வாய்ப்பைக் கண்டுபிடியுங்கள்: இங்கே சுமார் 54.5 சதவீதம். இனி கேள்வி எளிது. 60 என்று சொன்னவர், அது 54-க்குக் கீழே போக வாய்ப்பே இல்லை என்று உறுதி சொல்வாரா?

அதே மரத்திலிருந்து இன்னொரு பயனுள்ள எண் கிடைக்கும். தேவை எப்படியிருக்கும் என்று முன்கூட்டியே துல்லியமாகத் தெரிந்தால், உயரும்போது இயந்திரம், குறையும்போது வெளிவேலை என்று தேர்ந்தெடுப்போம். 0.6 × 70 + 0.4 × 20 = 50. இப்போதைய 38-ஐக் கழித்தால் 12. சந்தை ஆய்வுக்கு யார் 15 கேட்டாலும் மறுத்துவிடலாம். எந்த ஆய்வும் துல்லியமாக இருக்காது என்பதால் 12 கூட அதிகம்தான். ஒரு எச்சரிக்கை: அந்த 10 நஷ்டத்தைத் தாங்க நிறுவனத்திடம் பணம் இல்லையென்றால் எதிர்பார்ப்பு மதிப்பைப் பார்க்கவே வேண்டாம். சராசரி என்பது பலமுறை ஆடக்கூடியவருக்கானது.

முடிவு ஏறத்தாழ உறுதியான பிறகு, கையெழுத்துக்கு முன்னால், உளவியலாளர் கேரி க்ளைன் 2007-இல் விவரித்த பிரீமார்ட்டம் முறைக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். 'ஒரு வருடம் கழிந்துவிட்டது, திட்டம் படுதோல்வி. ஏன்?' என்று கேட்டு, ஒவ்வொருவரும் சில நிமிடம் பேசாமல் எழுத வேண்டும். பிறகு ஆளுக்கு ஒரு காரணமாகச் சுற்றிவந்து படிக்க வேண்டும். 'என்ன தவறு நடக்கலாம்?' என்று கேட்டால் திட்டத்தை எதிர்ப்பவர் போலத் தெரிய யாரும் விரும்புவதில்லை. தோல்வி நடந்துவிட்டது என்று வைத்துக்கொண்டால், காரணம் சொல்வதே கேட்கப்பட்ட வேலையாகிவிடுகிறது, தயங்கியவர்களும் பேசுவார்கள். வரும் காரணங்களில் மூன்றுக்காவது பொறுப்பாளரும் தேதியும் குறிக்காவிட்டால் அந்த அரை மணி நேரம் வீண்.

இத்தனையும் எல்லா முடிவுக்கும் வேண்டாம். ஒரு மாதத்தில் சிறு செலவோடு திரும்பிவிடக்கூடிய முடிவென்றால் ஒருவரே எடுத்துவிட்டு, செய்து பார்த்துத் திருத்தட்டும்.

பெரிய முடிவுகளுக்கு ஒரு பதிவேடு வையுங்கள். ஒரு பக்கம் போதும்: தேதி, பரிசீலித்த மாற்று வழிகள், தேர்ந்ததற்கான காரணம், எதிர்பார்க்கும் விளைவும் அதன் வாய்ப்பு சதவீதமும், மறுபரிசீலனைத் தேதி. 'நன்றாகப் போகும்' என்று எழுதாதீர்கள். 'ஆறு மாதத்தில் தாமதம் பாதியாகக் குறைய 70 சதவீத வாய்ப்பு' என்று எழுதுங்கள். 70 என்று எழுதிய முடிவுகள் இருபது சேர்ந்ததும் எண்ணிப் பாருங்கள்: பதினான்கு வாக்கில் பலித்திருந்தால் உங்கள் கணிப்பை நம்பலாம், ஒன்பதுதான் என்றால் அடுத்த மரத்தில் வாய்ப்பு எண்களை எழுதும்போதே குறைத்துப் போடுங்கள்.