கிளிநொச்சி வீட்டை ரொறன்ரோவிலிருந்து பார்ப்பது

எங்கள் கிளிநொச்சி வீட்டை விற்க முனைந்தபோது, விசாரித்தவர்களுள் பெரும்பாலோர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருந்தமையால், வீட்டை மெய்நிகர்ச் சுற்றாக, அதாவது நேரில் வராமலே திரையில் சுற்றிப் பார்க்கும்படி, காட்டுவதற்குரிய வழிகளை ஆராய வேண்டியதாயிற்று. முப்பரிமாண வருடல், அதாவது கமராவால் வீட்டை அளந்து கணினியில் அதன் மாதிரியை உருவாக்குவது, அறைகளின் அளவையும் தளவரைபடத்தையும் தரும். ஆயினும் இவ்வருடலுக்கான கமராக்களுள் அகச்சிவப்பு ஒளியால் அளப்பவை கடும் வெயிலில் தடுமாறுவன, எங்கள் வளவின் பெறுமதியோ வெளியிலுள்ள கட்டுக்கிணற்றிலும் பலாமரத்திலும்தான் இருக்கிறது. கைப்பேசிக் காணொளி மலிவானது, ஆனால் பார்ப்பவர் தாம் விரும்பிய பக்கம் திரும்ப முடியாது. ஆகவே பார்ப்பவர் எப்பக்கமும் திரும்பிப் பார்க்கக்கூடிய 360 பாகைப் படங்களைத் தேர்ந்து, கமராவைக் கண்மட்டத்தில் நிறுத்தி, விறாந்தையிலிருந்து கிணற்றடி வரை எடுத்தேன். அறை நிலைக்கண்ணாடியில் சாரத்துடன் நான் தெரிந்ததால், அந்தப் படத்தை மட்டும் மீண்டும் எடுக்க நேர்ந்தது. பார்த்த ஒருவரின் முதற்கேள்வி, கோடையில் கிணற்றில் எத்தனை முழம் தண்ணீர் நிற்கும் என்பதே.