யாரிடம் கேட்பது என்று சொன்ன பெண்கள்

கனடாவுக்கு வந்திறங்கிய 2019-இல் எனக்கு அறிவுரைக்குப் பஞ்சமே இருக்கவில்லை. கோயிலில் பார்த்தவர்கள், பிறந்தநாள் விழாவில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், கணவரின் அலுவலக நண்பர்களுடைய மனைவிகள், எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி ஒன்றையே சொன்னார்கள். "நர்ஸா? இங்க அதெல்லாம் நடக்காதும்மா. பேசாம பி.எஸ்.டபிள்யூ படி, உடனே வேலை." முதியோரைக் குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, ஊட்டிவிடும் பராமரிப்பு வேலை அது. நாகர்கோவிலில் நாலு வருஷம் பி.எஸ்சி. நர்சிங் படித்து, சென்னையில் ஐ.சி.யூ.வில் வேலை பார்த்ததையெல்லாம் மடித்துப் பெட்டிக்குள் வை என்று அர்த்தம். சொன்னவர்களில் பலர் தங்கள் படிப்பை அப்படி மடித்து வைத்தவர்கள்தான் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் ஆறுதலாகச் சொல்லப்படும் வார்த்தைதான் ஆளை அதிக நாள் உட்கார வைக்கிறது.

வாடகை காத்திருக்காதே. நானும் அந்தப் படிப்பை முடித்து டொரண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ந்தேன். லாரன்ஸ் அவென்யூவில் 54-ஆம் எண் பஸ், காலை ஏழு மணி ஷிஃப்ட். அந்த வேலையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். 2020 வசந்தத்தில் கொரோனா மிகக் கடுமையாகத் தாக்கியது இந்த மாதிரி இல்லங்களைத்தான். ஒருவர் ஒரு இல்லத்தில் மட்டுமே வேலை செய்யலாம் என்று அந்த ஏப்ரலில் ஒன்டாரியோ மாகாண அரசு உத்தரவு போட்டது. தொற்றைத் தடுக்க அது தேவைதான். ஆனால் இரண்டு இடத்தில் பகுதிநேரம் பார்த்தால்தான் ஒரு முழுச் சம்பளம் தேறும் என்று ஓடிக்கொண்டிருந்த பெண்களுக்கு அன்றோடு பாதி வருமானம் போயிற்று. மணிலாவிலிருந்து வந்தவள், கோட்டயத்துச் சேச்சி, ஜமைக்கா அம்மா, யாழ்ப்பாணத்து அக்கா என்று எங்கள் ஓய்வறை முழுக்க அப்படிப்பட்ட பெண்கள்.

அந்த யாழ்ப்பாணத்து அக்கா எங்கள் மாடியின் ஆர்.பி.என்., அதாவது பதிவு பெற்ற நடைமுறைச் செவிலியர். ஒருநாள் ஒரு தாத்தாவுக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்து, நுரையீரலில் நீர் கோத்திருக்கும் போலிருக்கிறது என்று அவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். வந்து பார்த்தார், ஆம்புலன்ஸ் கூப்பிட்டார். ஷிஃப்ட் முடிந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நீர் ஊரில நர்ஸோ?"

"ஆமாக்கா."

"பிறகு இதில என்ன செய்யிறீர்? பேப்பர் எல்லாம் இருக்கோ?"

"இருக்கு."

"இருந்தும் சும்மா இருக்கிறீரோ!"

அந்தக் கோபத்துக்குக் காரணம் பல மாதம் கழித்துத்தான் புரிந்தது. அக்கா யாழ்ப்பாணத்தில் தாதியர் படிப்பில் இருந்தவர். 1995 அக்டோபர் கடைசியில் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியே ஒரே இரவில் காலியானபோது கையில் கிடைத்ததோடு நடந்தவர்களில் ஒருவர். சான்றிதழ்கள் வீட்டோடு போயின. கனடா வந்து, தான் படித்ததை நிரூபிக்க ஒரு தாளும் இல்லாமல், பராமரிப்பு வேலையில் தொடங்கி, பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு சென்டெனியல் கல்லூரியில் முதலிலிருந்து படித்து ஆர்.பி.என். ஆனார். தாள் வைத்திருந்தும் சும்மா இருப்பவளைப் பார்த்தால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

அவர் எனக்கு ஊக்கம் தரவில்லை. ஊக்கமூட்டும் பேச்சு அவருக்கு வரவும் வராது. ஒரு பழைய கவரின் பின்பக்கத்தில் எதை முதலில் அனுப்புவது, எதைப் பிறகு அனுப்புவது என்று வரிசையாக எழுதிக் கொடுத்தார். வெளிநாட்டு நர்ஸ்களின் படிப்பை மதிப்பிடும் அமைப்புக்கு நாமே சான்றிதழை அனுப்பக்கூடாது என்பது அப்போதைய விதி. கல்லூரியும் ஊரிலுள்ள நர்சிங் கவுன்சிலும் நேரடியாக அனுப்ப வேண்டியிருந்தது. தொலைந்துபோனதும், முத்திரை சரியில்லை என்று திரும்பி வந்ததும், ஆளில்லை என்று கிடப்பில் கிடந்ததும் இந்த இடத்தில்தான். எனக்கு அதைச் செய்து முடித்தவள் என் கல்லூரித் தோழி. சென்னையில் நைட் டூட்டி முடித்து, வீட்டுக்குப் போகாமல் நேரே சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கும் கவுன்சில் அலுவலகத்துக்கும் கிண்டியில் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கும் என் ஃபைலோடு அலைந்தாள். கனடா வரும் எண்ணமே அவளுக்குக் கிடையாது.

அக்கா எச்சரித்த இன்னொன்று கடிகாரம். ஒன்டாரியோவின் நர்சிங் கல்லூரி (பெயர்தான் கல்லூரி, உண்மையில் உரிமம் தரும் அமைப்பு) கடந்த மூன்று வருஷத்துக்குள் நர்ஸாக வேலை பார்த்த ஆதாரம் கேட்கும். பராமரிப்பு வேலை அந்தக் கணக்கில் வராது. "முதலில் செட்டில் ஆகு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று யாராவது அன்பாகச் சொல்லும் ஒவ்வொரு மாதமும் நம் அனுபவம் காலாவதியாகிக்கொண்டே இருக்கிறது. எனக்கும் கெடு தாண்டிவிட்டது. 2022 ஜனவரியில் புதிதாக ஒரு திட்டம் வந்தது. மருத்துவமனையில் ஒரு நர்ஸின் மேற்பார்வையில் வேலை பார்த்து, அந்த ஆதாரத்தையும் மொழித் தகுதியையும் ஒன்றாகக் காட்டிவிடலாம். அதைப் பற்றி எனக்குச் சொன்னது அரசு விளம்பரம் அல்ல, கோட்டயத்துச் சேச்சியின் வாட்ஸப்.

நர்ஸ் உரிமத்துக்கு எழுத வேண்டிய என்க்ளெக்ஸ் தேர்வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்க நர்ஸ்கள் எழுதும் அதே பரீட்சையைக் கனடாவின் பெரும்பாலான மாகாணங்கள் 2015-இல் எடுத்துக்கொண்டன. நாங்கள் எழுதிய காலத்தில் குறைந்தது 75 கேள்வி, அதிகபட்சம் 145, ஐந்து மணி நேரம். நம் பதிலைப் பார்த்துக் கணினி அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கும். போதும் என்று அதற்குத் தோன்றினால் படக்கென்று நின்றுவிடும். 75-லேயே நின்றுபோய், தோற்றுவிட்டோம் என்று கார் பார்க்கிங்கில் உட்கார்ந்து அழுது, இரண்டு நாள் கழித்துப் பாஸ் என்று தெரிந்துகொண்டவள் எங்கள் மணிலாக்காரி. பாடம் நமக்குத் தெரிந்ததுதான். கேள்வியின் போக்குதான் வேறு. நாலு நோயாளிகள் இருக்கிறார்கள், முதலில் யாரைப் பார்ப்பாய்? டாக்டர் எழுதிய மருந்தின் அளவு சந்தேகமாக இருக்கிறது, என்ன செய்வாய்? ஊரில் டாக்டரிடம் எதிர்க்கேள்வி கேட்டுப் பழகாத எனக்கு இரண்டாவது கேள்விக்கான பதில் அறிவில் இருந்தது, கை போகவில்லை. அதற்காகத்தான் சேச்சி குடியிருந்த அடுக்குமாடியின் பார்ட்டி அறையில் ஞாயிறுதோறும் கூடினோம். ஒருத்தி கேள்வி கேட்பாள், மற்றவர்கள் பதிலைச் சொன்னால் போதாது, ஏன் மற்ற மூன்றும் தப்பு என்று வாதாட வேண்டும். பக்கத்திலேயே பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடும். புட்டும், பான்சித் என்ற பிலிப்பைன்ஸ் நூடுல்ஸும், சேச்சியின் மரவள்ளிக் கப்பையும் நடுவில் இருக்கும்.

பணத்துக்குச் சீட்டு. மதிப்பீட்டுக் கட்டணம், விண்ணப்பக் கட்டணம், தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்தால் பராமரிப்புச் சம்பளத்தில் ஒரே மூச்சில் கட்ட முடியாது. வங்கியிடம் போனால் கடன் வரலாறு கேட்பார்கள். சீட்டு எங்கள் எல்லோருக்கும் ஏதோ ஒரு பெயரில் தெரிந்திருந்தது. ஏலம் கிடையாது, பரீட்சைத் தேதி யாருக்கு முதலில் வருகிறதோ அவளுக்கு அந்த மாதத் தொகை என்பது அக்காவின் ஏற்பாடு. ஒருத்தி பணம் எடுத்த கையோடு கால்கரிக்குக் குடிபோய்விட்டாள். மூன்று மாதம் அக்காவே அவள் பங்கைக் கட்டினார். அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை, ஆனால் ஒருவரும் மறக்கவுமில்லை.

பிள்ளைப் பராமரிப்பு பற்றிப் பேசுபவர்கள் நாளொன்றுக்குப் பத்து டாலர் திட்டத்தைச் சொல்வார்கள். 2022 மார்ச்சில் ஒன்டாரியோவும் அதில் கையெழுத்திட்டது, நல்லதுதான். ஆனால் காலை ஏழுக்கு வார்டில் நிற்க வேண்டியவள் பிள்ளையை எத்தனை மணிக்கு விடுவது? பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடியும்போது டே கேர் பூட்டியிருக்கும். நானும் சேச்சியும் எதிரெதிர் ஷிஃப்டாக வாங்கிக்கொண்டோம். நான் பகல் என்றால் அவள் இரவு. என் மகள் மலையாளத்தில் கோபப்படக் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

பிறகு அம்மா வந்தார், சூப்பர் விசாவில். பெற்றோரை நீண்ட நாள் தங்கவைக்கும் அந்த விசாவுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மருத்துவக் காப்பீடு எடுத்துக் காட்ட வேண்டும். பெண்கள் பெண்களுக்குக் கை கொடுப்பது பற்றிக் கூட்டம் போட்டுப் பேசுகிறோம், மேடையில் மேனேஜர்களும் இயக்குநர்களும் உட்கார்ந்திருப்பார்கள். எனக்குத் தெரிந்து ஸ்கார்பரோவில் ஒரு தமிழ்ப் பெண் இரவு ஷிஃப்ட் முடித்துப் பரீட்சைக்குப் படித்தாள் என்றால், ஒரு பேஸ்மென்டில் ஒரு அம்மாவோ மாமியாரோ பேச்சுத் துணையில்லாமல் ஜனவரியைக் கழித்திருக்கிறார். நாகர்கோவிலில் தெருவுக்கே பஞ்சாயத்து பண்ணும் என் அம்மா இங்கே ஜன்னல் வழியாக அடுத்த வீட்டு நாயோடு பேசிக்கொண்டிருந்தார். இதை உதவி என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. கணவர்கள்? என்னவர் சமைப்பார். அது பெரிய செய்தியாகப் பேசப்பட்டது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

உரிமம் வந்தது. நேர்முகத் தேர்வுக்கு அக்கா ஒத்திகை வைத்தார். "நெருக்கடியான நேரத்தில என்ன செய்தீர், ஒரு உதாரணம் சொல்லும்." நான் ஐ.சி.யூ. கதையை எடுத்து, டாக்டர் சொன்னபடி எல்லோருமாகச் செய்தோம் என்று முடித்தேன். "டாக்டர் வரமுந்தி அங்க நிண்டது ஆர்? அவரையோ வேலைக்கு எடுக்கப் போகினம்?" தன்னடக்கத்தை என் வாயிலிருந்து பிடுங்குவதற்குப் பல மாலைகள் ஆயின.

கடைசியாகச் சொன்னதுதான் காசு விஷயம். தொழிற்சங்க ஒப்பந்தம் உள்ள பல மருத்துவமனைகளில் நர்ஸ் சம்பளம் வருஷ அனுபவத்தைப் பொறுத்துப் படிப்படியாக ஏறும். முந்தைய தொடர்புள்ள அனுபவத்துக்கும் படி உண்டு, ஆனால் வேலையில் சேரும்போதே எழுத்தில் கேட்க வேண்டும். கேட்காதவளை முதல் படியில் நிறுத்திவிடுவார்கள். யாரும் கூப்பிட்டுச் சொல்லமாட்டார்கள். அக்கா தன் சம்பளச் சீட்டையே எடுத்து மேசையில் வைத்து, வரி வரியாகக் காட்டினார். நம் வீடுகளில் சம்பளத்தைக் கேட்பதும் சொல்வதும் அநாகரிகம். அந்த நாகரிகத்தால் லாபம் அடைபவர் யார் என்று யோசித்தால் தெரியும்.

எல்லா அக்காக்களும் இப்படி இல்லை. வேலையிடத்தில் மேலே போன நம்மூர்ப் பெண் ஒருவர், தமிழில் பேசினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நீ எந்த ஊர், எந்தக் கோயில் என்று விசாரித்த பிறகே தகவல் தருபவர்களும் உண்டு. எங்கள் பார்ட்டி அறையில் அது எடுபடாததற்குக் காரணம் பெருந்தன்மை அல்ல. நாலு நாட்டுக்காரிகள் உட்கார்ந்த இடத்தில் ஊர்ப் பெயரை வைத்து என்ன செய்ய முடியும்?

இப்போது நான் மருத்துவமனை வார்டில் ஆர்.என்., அதாவது பதிவு பெற்ற செவிலியர், ஆர்.பி.என்.னுக்கு மேல் நிலை. சேச்சியும் அப்படியே. 2026 ஜனவரியிலிருந்து ஒன்டாரியோவில் வேலை விளம்பரங்களில் கனடிய அனுபவம் வேண்டும் என்று போடக்கூடாது என்று சட்டம். நேர்முகத்தில் அதே கேள்வியை வேறு மாதிரி கேட்பார்கள் என்று ஞாயிற்றுக்கிழமைக்குப் புதிதாக வரும் மட்டக்களப்புப் பெண்ணுக்கும் கோயம்புத்தூர்ப் பெண்ணுக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அக்கா மட்டும் இன்னும் ஆர்.பி.என். தான். ஆர்.என். ஆவதற்கான இணைப்புப் படிப்புக்கு நாங்களே படிவம் இறக்கி, பாதி நிரப்பிக் கொடுத்தோம். "எல்லாரும் ஏறத்தான் வேணுமோ? எனக்குச் சனிக்கிழமை லீவு கிடைச்சால் காணும்" என்றார். படிவத்தைக் கைப்பையில்தான் வைத்திருக்கிறார். இனி அதைப் பற்றிக் கேட்டுத் தொந்தரவு செய்யாதே என்கிறாள் சேச்சி. நான் கேட்கத்தான் போகிறேன்.